ஒன்பதாவது கட்டம்

இந்த நாற்காலி ரொம்ப வசதியா இருக்கு மேடம். பதினஞ்சு வருஷமா நான் ஒரு கை உடைஞ்ச நாற்காலியில உக்காந்துதான் இணையதளம் வடிவமைச்சிட்டு இருக்கேன். ரெண்டு கையும் ஒழுங்கா இருக்கிற நாற்காலி கிடைச்சா மனுஷன் எதையும் மறைக்காமப் பேசுவான். நானே ஆரம்பத்துல இருந்து வரிசையாச் சொல்லிடறேன். நீங்க கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, விஷயம் முன்னாடியும் பின்னாடியும் போயிட்டு வந்தா எழுதற உங்களுக்குத்தான் கஷ்டம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். உங்க வாக்குமூலப் படிவத்துல பேர் எழுதற கோடு இடது ஓரத்துல ஆரம்பிக்குது. முகவரிக் கோடு கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்குது. உங்களைக் குத்தம் சொல்லல, யாரோ அவசரத்துல பண்ணியிருப்பாங்க. ஆனா அதைப் பார்த்தா எனக்கு இருப்புக் கொள்ளல. என்கிட்ட இருக்கிற ஒரே கோளாறு அதுதான். மத்தபடி நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்ல.

இந்த வேலையைக் குடுத்தவர் மெத்தைக்காரர். அவர் மெத்தை விக்கறவர் இல்ல. எந்த மெத்தை நல்ல மெத்தைன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுக் காட்டற இணையதளம் நடத்திட்டு இருந்தார். அதையும் நான்தான் பண்ணிக் குடுத்தேன். அதுல எல்லா மெத்தைக்கும் நாலரை நட்சத்திரம். அஞ்சு குடுத்தா ஜனங்க நம்ப மாட்டாங்க, நாலு குடுத்தா வாங்க மாட்டாங்கன்னு சொல்வார். அவர் எந்த மெத்தையிலயும் படுத்துப் பார்த்ததில்ல. முதுகுவலிக்காரர், தரையிலதான் படுப்பார்.

அவர் ஒரு நாள் வந்து, மெத்தை வியாபாரம் படுத்துடுச்சு, இனிமே கிரிப்டோதான்னார். கிரிப்டோ காசை வாங்கி ஒரு கம்பெனியில போட்டு வெச்சா வட்டி தர்றாங்க. எந்தக் கம்பெனி எவ்வளவு வட்டி தருதுன்னு ஒரே பக்கத்துல காட்டணும். அதைப் பார்த்துட்டு ஜனங்க அந்தக் கம்பெனிக்குப் போனா, கம்பெனி இவருக்குக் கமிஷன் குடுக்கும். அவ்வளவுதான் வேலை. ஒரு திங்கட்கிழமை உக்காந்து ஒவ்வொரு கம்பெனியோட வட்டியையும் பார்த்து எழுதி வெச்சேன். மொத்தம் எட்டுக் கம்பெனி.

மேடம், எட்டு ரொம்ப மோசமான எண்ணிக்கை. ஒரு வரிசைக்கு மூணு கட்டம்னு பக்கத்தைப் பிரிச்சிருந்தேன். மூணு, மூணு, அதுக்கப்புறம் ரெண்டு. கீழே வலது மூலையில ஒரு பொத்தல். முன்பல் விழுந்தவன் சிரிக்கிற மாதிரி அது என்னையே பார்த்துட்டு இருந்துச்சு. வரிசைக்கு ரெண்டு வெச்சுப் பார்த்தேன், பக்கம் ஒல்லியாப் போச்சு. நாலு வெச்சுப் பார்த்தேன், எழுத்து எறும்பு மாதிரி ஆயிடுச்சு. எட்டுக் கம்பெனியில ரெண்டைத் தூக்கிடலாமான்னு கேட்டேன். கமிஷன் போயிடும்னு மெத்தைக்காரர் குதிச்சார்.

அதனால ஒன்பதாவது கம்பெனியை நானே உண்டாக்கினேன்.

எங்க தொழில்ல இது சகஜம். உண்மையான விவரம் வர்ற வரைக்கும் சும்மா எதையாவது போட்டு இடத்தை நிரப்பி வெப்போம். டம்மின்னு சொல்வோம். வேலை முடிஞ்சதும் எடுத்துடணும். எடுக்க மறந்து போறதும் சகஜம்தான். ஒரு செருப்புக் கம்பெனி தளத்துல 'இங்கே ஏதாவது எழுதவும்'னு நான் போட்ட வரி மூணு வருஷம் அப்படியே இருந்துச்சு. செருப்பு நல்லாத்தான் வித்துச்சு.

பேருக்கு ரொம்ப யோசிக்கல. முன்னாடி ஒரு சோப்புக் கம்பெனிக்காக ஒரு குட்டித் திமிங்கலம் வரைஞ்சிருந்தேன். தலையில இருந்து தண்ணி பீச்சி அடிக்கும், கண்ணு சிரிக்கும். சோப்புக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. அருமையான படம், வீணாக் கிடந்துச்சு. அதையே வெச்சு, 'குட்டித் திமிங்கலம்'னே பேரும் போட்டேன். வட்டி பதினாலு புள்ளி நாலு. ஏன் பதினாலு புள்ளி நாலுன்னு நீங்க கேக்கணும். நான் எடுத்திருந்த எழுத்துருவுல நாலுதான் ரொம்ப லட்சணமா இருந்துச்சு. அதனால ரெண்டு நாலு.

மெத்தைக்காரர் பார்த்துட்டு அசந்துட்டார். "ஒன்பதாவது யாருய்யா, கேள்விப்பட்டதே இல்லையே?"ன்னார். "புதுசு சார்"ன்னேன். உண்மையிலேயே புதுசு. அது பொறந்து இருபது நிமிஷம்தான் ஆயிருந்துச்சு.

அவர் இன்னும் ரெண்டு விஷயம் கேட்டார். ஒண்ணு, கம்பெனிகளுக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு ரேங்க் போடணும். போட்டேன். எதை வெச்சுப் போட்டேன்னா, லோகோவோட நிறத்தை வெச்சு. கருநீலம் மேலே, அப்புறம் நீலம், பச்சை, கடைசியில இளமஞ்சள். கனமான நிறம் மேலேதான் இருக்கணும், இது வடிவமைப்பு படிச்ச எல்லாருக்கும் தெரியும். அந்தக் கருநீலக் கம்பெனி தந்த வட்டி பதினொண்ணு புள்ளி எட்டு. ரெண்டாவது, விவரமெல்லாம் சுடச்சுட இருக்குன்னு ஜனங்களுக்குத் தோணணும்னார். 'இரண்டு நிமிடங்களுக்கு முன் புதுப்பிக்கப்பட்டது'ன்னு மேலே ஒரு வரி போட்டேன். சின்ன எழுத்து, சாம்பல் நிறம். அந்த வரி மட்டும் எப்பவும் மாறாது. அதுக்குக் கீழே இருக்கிற எண்களும் மாறாது. அந்த வகையில பொருத்தமாத்தான் இருந்துச்சு.

இப்ப அந்தப் பொத்தானுக்கு வரேன். ஒவ்வொரு கட்டத்துலயும் 'தொடங்குக'ன்னு ஒரு பொத்தான். அழுத்தினா அந்தந்தக் கம்பெனிக்குப் போகும். திமிங்கலத்தோட பொத்தானை அழுத்தினா எங்கேயும் போகல. எட்டுக் கதவு திறக்குது, ஒண்ணு மட்டும் சுவத்துல வரைஞ்ச கதவு. எனக்கு மனசு கேக்கல. அதுக்கும் ஒரு பக்கம் பண்ணேன். நீல அலை, வெள்ளை எழுத்து, 'உங்கள் சேமிப்பை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்'னு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில கிரிப்டோ காசு வாங்கிக்கிற முகவரி ஒண்ணு இருக்கணும். வாய்க்கு வந்ததைப் போட்டா, 'தவறான முகவரி'ன்னு சிவப்புல கத்துது. நீல அலைக்கு மேல அந்தச் சிவப்பை நீங்க பார்த்திருக்கணும், கண்ணு அவிஞ்சு போயிடும். எனக்குத் தெரிஞ்ச சரியான முகவரி ஒண்ணே ஒண்ணுதான், என்னோடது. அதைப் போட்டேன். சிவப்பு போயிடுச்சு.

அடுத்தது என் மச்சான். புகார்ல பணம் இழந்தவங்க பட்டியல்ல முதல் பேர் அவரோடதுதான். என் பொண்டாட்டியோட அண்ணன், முடி வெட்டற கடை வெச்சிருக்கார். ரெண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓரத்துல எப்பவும் ஓடிட்டு இருக்கிற ஒரு மின்விசிறி. பத்தொம்பது வருஷமா வாடகைக்கு அதே கடை. கட்டிடக்காரர் அதை விக்கறதா முடிவு பண்ணி, "முதல் உரிமை உனக்குத்தான், ஆறு மாசத்துல பணத்தோட வா, இல்லேன்னா காலி பண்ணிடு"ன்னு சொல்லிட்டார். மச்சான்கிட்ட சேமிப்பு இருந்துச்சு. கடை விலைக்குக் கொஞ்சம் இடிச்சுது. கடன் வாங்கறது அவருக்குப் பிடிக்காது. சீப்பைக் கூட யார்கிட்டயும் இரவல் வாங்க மாட்டார்.

ஒரு நாள் எனக்குச் சவரம் பண்ணிட்டு இருந்தார். "மாப்ளே, உன் தளத்தைப் பார்த்தேன். பிரமாதம். அந்த மீன் கம்பெனி எப்படி?"

"திமிங்கலம் மச்சான்."

"என்ன எழவோ. பதினாலு புள்ளி நாலு தர்றானாமே. நம்பிப் போடலாமா?"

கத்தி அப்ப என் தொண்டைக்குழிக்கு மேல இருந்துச்சு. அந்த நிலைமையில யாரும் நீட்டி முழக்கி விளக்கம் சொல்ல மாட்டாங்க. அசையாம, "எல்லாம் பார்த்துதான் மச்சான் போட்டிருக்கேன்"ன்னேன். நான் எந்தக் கட்டத்தையும் பார்க்காமப் போட்டது கிடையாது மேடம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கூட அளந்திருக்கேன்.

ரெண்டு நாள் கழிச்சு என் ஃபோன் சிணுங்குச்சு. மச்சானோட சேமிப்புல பாதி என் முகவரிக்கு வந்திருந்துச்சு. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல, அன்னிக்குச் சோறு இறங்கல. திருப்பி அனுப்பணும்னுதான் நினைச்சேன். ஆனா யார் அனுப்பறது? குட்டித் திமிங்கலம்தான் அனுப்பணும். வந்த காசை வந்த கையோட திருப்பி அனுப்பற கம்பெனியைப் பத்தி ஜனங்க என்ன நினைப்பாங்க? ஏதோ கோளாறுன்னுதானே நினைப்பாங்க. அந்தப் பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரல.

அதனால அவருக்கு ஒரு கணக்குப் பக்கம் பண்ணேன். உள்ளே போனா, 'வணக்கம், உங்கள் சேமிப்பு நீந்திக்கொண்டிருக்கிறது'ன்னு வரும். கீழே ஒரு கோடு, இடது மூலையில கிளம்பி வலது மூலைக்கு ஏறும். திமிங்கலம் அந்தக் கோட்டு மேல மெதுவா நீந்திப் போகும். அந்தத் திமிங்கலத்தோட வால் அசைவுக்கு மட்டும் நாலு நாள் உழைச்சேன். என் பதினஞ்சு வருஷ வேலையில அதுக்கு ஈடா எதுவும் பண்ணதில்ல, சத்தியமாச் சொல்றேன்.

மச்சானுக்கு அதைப் பார்க்காமப் பொழுது விடியாது. பார்க்கிறதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஃபோனை நீட்டினார். முடி வெட்டிக்கிறவன் எங்கே ஓட முடியும்? கழுத்தைச் சுத்தித் துணியைக் கட்டியாச்சு, தலை பாதி முடிஞ்சாச்சு. "எங்க மாப்பிள்ளை தளத்துல போட்டிருக்கான், அவன் சும்மா எதையும் போட மாட்டான்"னு சொல்லிச் சொல்லியே பத்துப் பேரைச் சேர்த்துட்டார். தபால்காரர், பூட்டு ரிப்பேர் பண்றவர், பக்கத்துத் தெருக் கணக்கு வாத்தியார். ஆமாம் மேடம், கணக்கு வாத்தியாரும்தான். அவருக்கும் அந்த வால் அசைவு பிடிச்சுப் போச்சு.

பொறுப்பு கூடிடுச்சு. பதினோரு பேர் காசை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கிற ஆள் நான் இல்ல. வட்டி குடுக்கணுமே. எந்தக் கம்பெனியில போட்டா நல்லதுன்னு தெரிஞ்சுக்க என் தளத்தையே திறந்து பார்த்தேன். ரேங்க் ஒண்ணு, கருநீலக் கம்பெனி. இரண்டு நிமிடங்களுக்கு முன் புதுப்பிக்கப்பட்டதுன்னு இருந்துச்சு. மனசுக்குத் தெம்பா இருந்துச்சு. மொத்தக் காசையும் அங்கே போட்டேன். அவங்க தர்ற பதினொண்ணு புள்ளி எட்டுக்கும் நான் சொன்ன பதினாலு புள்ளி நாலுக்கும் இருக்கிற வித்தியாசத்தை என் கைக்காசுல இருந்து குடுக்கறதா இருந்தேன். இதைத் தயவுசெஞ்சு எழுதிக்கோங்க. எந்தக் கம்பெனிக்காரன் அப்படிப் பண்ணுவான்?

நாலாவது மாசம் பூட்டுக்காரர் காசைத் திருப்பிக் கேட்டு குட்டித் திமிங்கலத்துக்கு எழுதினார். மகளுக்குக் கல்யாணமோ என்னவோ. ஒரு வாரம் பொறுத்து மறுபடி எழுதினார், இந்தத் தடவை கொஞ்சம் காரமா. சரி, குடுத்துடுவோம்னு ஒரு புதன்கிழமை காலையில கருநீலக் கம்பெனி தளத்தைத் திறந்தேன். ஒரே ஒரு பக்கம்தான் இருந்துச்சு. 'பணம் எடுப்பது நிறுத்தப்பட்டுள்ளது. வருந்துகிறோம்'னு நட்ட நடுவுல எழுதியிருந்தாங்க. நாலு பக்கமும் தாராளமா வெள்ளை இடம் விட்டு, ரொம்ப நேர்த்தியாப் பண்ணியிருந்தாங்க. விசாரிச்சா, கம்பெனியை இழுத்து மூடி மூணு வாரம் ஆச்சாம். அதுக்கு முன்னாடியே வட்டியை மூணுக்குக் குறைச்சுட்டாங்களாம். நடத்தினவங்க ஆளுக்கொரு திசையில கம்பி நீட்டிட்டாங்க.

நான் நம்பல. என் தளத்தைத் திறந்து பார்த்தேன். ரேங்க் ஒண்ணு, பதினொண்ணு புள்ளி எட்டு, இரண்டு நிமிடங்களுக்கு முன் புதுப்பிக்கப்பட்டது. அப்பாடான்னு இருந்துச்சு. அந்த வரியை எழுதினது நான்தான்னு ஞாபகம் வர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆச்சு.

அதே புதன்கிழமை மத்தியானம் மச்சான் எங்க வீட்டுக்கு வந்தார். என் பொண்டாட்டி வேலைக்குப் போயிருந்தா. செருப்பைக் கழட்டிட்டு வந்து, எதிர்ல உக்காந்து, ஃபோனைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்துட்டு இருந்தார். மீதிச் சேமிப்பையும் எடுத்திருக்கார். அது போதாதுன்னு கடையில இருந்த ரெண்டு நாற்காலியில ஒண்ணை வித்துட்டார். கடையை வாங்கின பிறகு புதுசு ரெண்டு வாங்கிக்கலாம்னு கணக்கு.

"மாப்ளே, இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. இதையும் போட்டுட்டா சரியா விலைக்கு வந்துடுது. வீட்டுல வேண்டாம்கிறா, பயப்படறா. நீ சொல்லு. நீ போடுன்னா போடறேன், வேண்டாம்னா விட்டுடறேன்."

மேடம், அவர் நிலைமையில இருந்து பாருங்க. நான் வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பார். ஏன்னு கேட்டா எட்டுக் கட்டத்துல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லணும். பாவம், மத்தியானம் கடையைச் சாத்திட்டு வந்திருக்கார், அவ்வளவு நேரம் அவருக்கு ஏது? அதோட அவர் முகத்துல அப்ப அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்கிற அளவுக்கு நான் மோசமானவன் இல்ல. இன்னொரு பக்கம், பூட்டுக்காரர் வேற காத்துட்டு இருந்தார்.

"போடுங்க மச்சான்"னு சொன்னேன்.

அங்கேயே உக்காந்து அனுப்பினார். ஒவ்வொரு எழுத்தாச் சரிபார்த்து, என் முகவரியை எனக்கே வாசிச்சுக் காட்டி, சரியான்னு கேட்டுக்கிட்டு அனுப்பினார். சரிதான்னேன். உள்ளே என் ஃபோன் சிணுங்குச்சு. "போய் எடு மாப்ளே, ஏதாவது அவசரமா இருக்கப் போகுது"ன்னார். அவருக்குத் தண்ணி குடுத்து அனுப்பி வெச்சுட்டு, அந்தக் காசை அப்படியே பூட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன். பூட்டுக்காரர் நன்றி சொல்லி எழுதினார். குட்டித் திமிங்கலத்துக்கு அஞ்சு நட்சத்திரமும் குடுத்தார். வாடிக்கையாளர் ஒருத்தர் மனசாரக் குடுத்தது, அதை நான் நாலரையா மாத்தல.

மிச்சமெல்லாம் உங்க கோப்புலயே இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சு மச்சான் பணத்தை எடுக்கப் போனப்ப எடுக்க ஒண்ணுமில்ல. கட்டிடக்காரர் கடையை வேற ஒருத்தருக்கு வித்துட்டார், அங்கே இப்ப கண்ணாடிக்கடை நடக்குது. மச்சான் வேற யாரோ ஒருத்தர் கடையில, மூணாவது நாற்காலியில கூலிக்கு முடி வெட்டறார். அவர் சேர்த்துவிட்ட ஆளுங்க அவரைத் தெருவுல பார்த்தா அந்தப் பக்கம் போயிடறாங்களாம். கணக்கு வாத்தியார் மட்டும் நின்னு திட்டிட்டுப் போறாராம். புகார் குடுத்தது என் பொண்டாட்டிதான்னு எனக்குத் தெரியும். அவ பெட்டியைக் கட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆகுது. அவ மேல எனக்குக் கோபம் இல்ல, வருத்தம்தான். ரெண்டு பேர் இருந்த வீட்டுல ஒருத்தன் இருந்தா எல்லாமே கோணலாத் தெரியுது.

நேத்து மச்சான் என்னைப் பார்க்க இங்கே வந்திருந்தார். நீங்கதான் அனுமதி குடுத்தீங்க, அதுக்கு நன்றி. இளைச்சுட்டார். கத்தல, அழல. அவளைக் கேட்டுப் புகாரைத் திரும்ப வாங்க முடியுமான்னு பார்க்கிறேன்னார். காசு போனாப் போகுது, தங்கச்சி வாழ்க்கை முக்கியம்னார். ஆனா ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரிஞ்சாகணுமாம்.

"அன்னிக்கு மத்தியானம் நீ போடுன்னு சொன்னியே மாப்ளே. அது மூழ்கிப் போனது அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மச்சான்"னேன்.

தலையாட்டினார். "அதானே. தெரிஞ்சிருந்தா நீ போடுன்னு சொல்லுவியா"ன்னு சொல்லிட்டு, கம்பிக்கு இடையில கையை விட்டு என் தோளைத் தட்டிட்டுப் போனார்.

அதனாலதான் இன்னிக்கு உங்களை வரச் சொன்னேன். எழுதிக்கோங்க மேடம். தெரியும். அந்தப் புதன்கிழமை காலையிலேயே தெரியும். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன், மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. இந்த விவகாரத்துல ஆரம்பத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.